மறந்துபோன வாளி: வீட்டில் காய்ச்சிய பியர் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கிலாந்தில் எங்கள் வீட்டு கராஜில் பல வருடங்களாக பியர் காய்ச்சுகிறேன். நண்பர்களும் சொந்தக்காரர்களும் எப்படிக் காய்ச்சுவது என்று என்னிடம் அதிகம் கேட்பதில்லை. "அண்ணா, போன செப்டம்பர்ல போட்டது அப்படியே கெடக்கு. கொட்டிடவா?" என்பதுதான் வழக்கமான கேள்வி. குழந்தை பிறந்திருக்கும், வீடு மாறியிருப்பார்கள், ஊரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கும். வாளி மட்டும் மூலையில் மூடி போட்டபடி கிடக்கும்.

எனக்கும் இது நடந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மதுரைக்குப் போனவன் ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பினேன். 23 லிட்டர் பிட்டர் (கசப்பான ஆங்கிலேய பியர்) வாளியிலேயே இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு இதேபோல ஒரு வாளியைத் திறந்து, மேலே வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் பயந்துபோய் மொத்தத்தையும் வடிகாலில் கொட்டியிருந்தேன். அது வெறும் ஈஸ்ட் திட்டு என்று பிறகு தெரிந்தபோது மனசு கேட்கவில்லை. அதனால் இந்த முறை நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கீழே சொல்வது அந்த வாளியும், அதற்குப் பிறகு மற்றவர்களோடு சேர்ந்து நான் திறந்து பார்த்த வாளிகளும் கற்றுக்கொடுத்தது.

காய்ச்சாதவர்களும் படிக்கலாம் என்பதால் இரண்டு சொற்கள். மால்ட் ஆக்கிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்த இனிப்புச் சாறுக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் போட்டு அது நொதித்த பிறகுதான் பியர். ஏர்லாக் என்பது வாளி மூடியில் செருகும் சின்ன பிளாஸ்டிக் குழாய். அதிலுள்ள தண்ணீர் வழியாக உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

எத்தனை மாதம் ஆனால் பியர் கெட்டுப்போகும்?

மாதக் கணக்கு வைத்துச் சொல்ல முடியாது. நொதித்து முடிந்த பியருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் நிறைய இருக்கின்றன. ஆல்கஹால் இருக்கிறது. பிஎச் 4 முதல் 4.5 வரை இருக்கும் அமிலத்தன்மை இருக்கிறது. ஹாப்ஸின் கசப்பு பல பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும். ஈஸ்ட் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் முதலிலேயே தின்று தீர்த்திருக்கும். கள்ளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பேறிவிடும், ஏனென்றால் அது கொதிக்கவைக்காதது, ஹாப்ஸ் இல்லாதது, திறந்த பானையில் ஊறுவது. பியர் அப்படிப்பட்டதல்ல.

என் அனுபவத்தில் நாலைந்து வாரம் வாளியில் கிடந்தால் கவலைப்படவே வேண்டாம். குளிர்ச்சியான இடத்தில் மூடி இறுக்கமாக இருந்திருந்தால் மூன்று மாதமும் பெரும்பாலும் தாங்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்டௌட், பார்லிவைன் மாதிரி கனமான பியர்களுக்குக் காத்திருப்பு நல்லதுகூட. ஹாப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சும் ஐபிஏ வகைதான் சீக்கிரம் வாடும். அது கெட்டிருக்காது, ஆனால் அதற்கென்று இருந்த மணம் போயிருக்கும்.

குடித்தால் உயிருக்கு ஆபத்து வருமா? மெத்தனால் உண்டாகியிருக்குமா?

இதைக் கேட்காத தமிழர் இல்லை, கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியைப் படித்த யாருக்கும் வரும் பயம்தான். ஆனால் அங்கே உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். நொதிக்கவைத்த பானத்தில் தானாக ஊறி வந்தது அல்ல. பார்லி நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிக மிகக் குறைவு, வாளி எத்தனை மாதம் கிடந்தாலும் அது அதிகமாகாது. பியரைக் காய்ச்சி வடிக்காதவரை இந்தக் கவலை வேண்டாம். வடிப்பது பிரிட்டனிலும் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாத வேலை.

நோய்க்கிருமிகளும் ஒழுங்காக நொதித்த பியரில் வளர்வதில்லை. அதில் வளரக்கூடியவை சுவையைக் கெடுக்கும், ஆளைச் சாய்க்காது. அதனால்தான் ஒரு வாய் ருசி பார்க்கச் சொல்கிறேன். விதிவிலக்குகள் மூன்று: நொதிக்கவே இல்லாத வோர்ட், மேலே பூத்த பூஞ்சணம், எலியோ கழுவும் ரசாயனமோ உள்ளே விழுந்திருப்பது. மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை, கொட்டிவிடுங்கள். மற்ற இரண்டையும் தனியாகச் சொல்கிறேன்.

ஈஸ்ட் போட்டேன், ஆனால் நொதித்ததாகத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் நான் கண்டிப்பாகப் பேசும் இடம் இதுதான். நொதிக்காத வோர்ட் பியர் அல்ல. அதன் பிஎச் 5.2, 5.5 என்ற அளவில் இருக்கும், சத்தும் சர்க்கரையும் நிறைந்தது, ஆல்கஹால் துளியும் இல்லை. காற்றுப் புகாமல் மூடிய பாத்திரத்தில் அது அறை வெப்பத்தில் நாள்கணக்கில் கிடந்தால், போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்கு வசதியான இடமாகிவிடும். அதன் வித்துகள் ஒரு மணி நேரக் கொதிப்பையும் தாங்கும். பிஎச் 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் அது முளைக்காது. அந்த நஞ்சுக்கு மணமோ நிறமோ கிடையாது, ருசி பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி அது. தண்ணீருக்கு 1.000 காட்டும், சர்க்கரை இருந்தால் எண் கூடும், நொதிக்க நொதிக்கக் குறையும். காய்ச்சிய அன்று 1.050 இருந்தது இப்போதும் 1.048 என்று நின்றால், ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காமல் கொட்டுங்கள். புதிதாக ஈஸ்ட் போட்டுக் காப்பாற்றலாமே என்று தோன்றும். ஒன்றிரண்டு நாள் தாமதம் என்றால் செய்யலாம். வாரக்கணக்கில் என்றால் வேண்டாம். காய்ச்சிய அன்று அளவு எழுதிவைக்கவில்லை, இப்போது அது நொதித்ததா இல்லையா என்றே தெரியவில்லை என்றாலும் இதே பதில்தான்.

சரி, நொதித்தது உறுதி. எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில் கண், பிறகு மூக்கு, பிறகு ஹைட்ரோமீட்டர், கடைசியில் நாக்கு. வாளியை இழுத்து நகர்த்தாதீர்கள். அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கினால் எல்லாம் மங்கலாகிவிடும். மூடியை முழுதாகக் கழற்றாமல் ஒரு பக்கம் மட்டும் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மதுரையிலிருந்து திரும்பி வந்து என் வாளியைத் திறந்தபோது ஏர்லாக் காய்ந்துபோய், அடியில் இரண்டு பழ ஈக்கள் செத்துக் கிடந்தன. வாளியின் உள்சுவரில் பியருக்கு மேலே நாலு விரல் உயரத்துக்கு ஒரு பழுப்பு வளையம், காய்ந்த சோற்றுக்கஞ்சி மாதிரி ஒட்டியிருந்தது. முதல் வாரம் பொங்கிய நுரை விட்டுப்போன தடம் அது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எல்லா வாளியிலும் வரும். அதற்குக் கீழே பியர் அசையாமல், கட்டஞ்சாயா நிறத்தில் தெளிந்து இருந்தது. டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் உள்ளே இறங்கியது. மேலே மெல்லிய படலம்கூட இல்லை. குனிந்து முகர்ந்தபோது ரொட்டி வாசனை, கூடவே லேசாக டாஃபி. அளந்தால் 1.011. கிளாஸில் ரெண்டு விரல் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ஹாப்ஸ் மணம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். அதில் 38 பாட்டில் நிரப்பினேன்.

கிருமிநாசினியில் நனைத்த குழாயால்தான் மாதிரி எடுக்க வேண்டும். கரண்டியை அப்படியே விட்டு மொண்டால், அதுவரை கெடாத பியரை அன்றைக்கு நாமே கெடுத்ததாகிவிடும். அளந்த மாதிரியை வாளியில் திருப்பி ஊற்றவும் வேண்டாம்.

மேலே ஏதோ மிதக்கிறது. எது ஆபத்து, எது இல்லை?

நான் அவசரப்பட்டு 23 லிட்டரைக் கொட்டியது இதைப் பார்த்துத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ, பொடித்த வெல்லக்கட்டி மாதிரி ஒழுங்கில்லாமல் மிதந்தால் அது ஈஸ்ட் திட்டு. பச்சையாகத் துணுக்குகள் தெரிந்தால் ஹாப்ஸ். எண்ணெய் மினுமினுப்பு தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் ஹாப்ஸ் எண்ணெய்தான். அங்கங்கே சோப்பு நுரை மாதிரிக் குமிழ்கள் இருந்து, வாளியை லேசாகத் தட்டினால் உடைகிறதென்றால் கவலை இல்லை.

படலம் வேறு. ஆறிய பாலில் ஆடை கட்டுவது தெரியுமல்லவா, அந்த மாதிரி வெள்ளையாக, சுருக்கம் சுருக்கமாக, பியரின் மேல்பரப்பு முழுக்கவோ ஓரத்திலிருந்தோ பரவியிருக்கும். சில சமயம் அதற்குக் கீழே பெரிய பெரிய குமிழ்கள் சிக்கி, ஆடையைப் பலூன் மாதிரித் தூக்கிப் பிடித்திருக்கும். காட்டு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ குடியேறியிருக்கிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம். காற்று உள்ளே போயிருக்கிறது என்றும் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதைப் பார்த்து மட்டும் கொட்டாதீர்கள். படலம் கட்டிய பியரில் சில குடிக்க நன்றாகவே இருக்கும். முகருங்கள், அளவு பாருங்கள், படலத்துக்குக் கீழிருந்து எடுத்து ருசி பாருங்கள்.

பூஞ்சணம் இரண்டிலிருந்தும் வேறு. பழைய ரொட்டியில், தேங்காய் மூடியில் பூக்குமே, அதே பூஞ்சணம். பஞ்சு மாதிரி மயிர் மயிராக, மேடாக, தனித்தனி வட்டங்களாக இருக்கும். பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் ஏறியிருக்கும். படலம் வழவழப்பாக ஈரமாக இருக்கும், பூஞ்சணம் உலர்ந்து பொடிபோல் தெரியும். மேலே இருப்பதை மட்டும் வழித்து எடுத்துவிட்டுக் கீழே உள்ளதைக் குடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு திரவத்தில் கலந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

ஏர்லாக்கில் தண்ணீர் வற்றியிருக்கிறது. அப்போதே கெட்டிருக்குமா?

அவசியமில்லை. நாளானால் எந்த ஏர்லாக்கும் வற்றத்தான் செய்யும். துவாரம் சின்னது, காற்று மெதுவாகத்தான் உள்ளே போகும். கார்பன் டை ஆக்சைடு கனமானது, போர்வை மாதிரி மேலே நின்று காக்கும் என்று சொல்வார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம், வாயுக்கள் நாளடைவில் கலந்துவிடும். உள்ளே போன காற்றோடு பழ ஈயும் போயிருந்தால் அதன் காலோடு காடி பாக்டீரியா வந்திருக்கும். ஈ ஏர்லாக்கிலேயே செத்துக் கிடந்தால் பயமில்லை, பியரில் மிதந்தால் மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

மணத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

தோசை மாவு புளிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மாவு புளித்ததற்கும் சாம்பார் ஊசிப்போனதற்கும் வித்தியாசம் கேட்டால் எங்கள் அம்மா மூடியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். அந்த மூக்கு பியருக்கும் போதும்.

தயிர்ப் புளிப்பு என்றால் லாக்டிக் அமிலம். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் சொந்தங்கள்தான் இங்கேயும். இது மூக்கில் அதிகம் தெரியாது, நாக்கில்தான் தெரியும். முகர்ந்தவுடனே மூக்கில் சுருக்கென்று குத்தினால் அது காடி, அதாவது வினிகர். அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலைக் காடியாக மாற்றுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் மூடி சரியாக இல்லாத வாளியில்தான் இது அதிகம். லேசாகத் தொடங்கிவிட்டால் நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது.

ஈரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கிருமி எதுவும் இல்லை, ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு பியரில் இதே பழமை ஷெர்ரி ஒயின் மணமாக வரும், அது சிலருக்குப் பிடிக்கும். பச்சை ஆப்பிள் வாசனை ஈஸ்ட் வேலையை முடிக்காததால் வருவது. ஆனால் மாதங்கள் கழித்தும் இருந்தால் காடியின் தொடக்கமா என்று பாருங்கள். வெண்ணெய் அல்லது பாப்கார்ன் வாசனை வந்தால் அது டையசிட்டைல் என்ற வேதிப்பொருள். அழுகிய முட்டை வாடை பயமுறுத்தும், ஆனால் லாகர் ஈஸ்ட் சாதாரணமாகவே கந்தகம் விடும், வாரங்கள் போனால் மறைந்துவிடும். கிராம்பு வாசனை ஜெர்மன் கோதுமை பியரில் இருக்க வேண்டியதுதான், சாதாரண பிட்டரில் வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாடை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை வந்தால் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் அல்லது ப்ளீச் சரியாகக் கழுவாமல் விட்டது. நாள்பட வைத்தாலும் அது போகாது. சிக்கு நெய் மாதிரியும் வாந்தி மாதிரியும் நாறினால் பியூட்ரிக் அமிலம். அதை ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டலாம். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் எதிலும் கருத்து வேறுபடுவார்கள், இதில் யாரும் வாதாடி நான் கேட்டதில்லை.

ஹைட்ரோமீட்டர் எப்படி உதவும்?

சாட்சி சொல்லும் கருவி அது ஒன்றுதான். சாதாரண பிட்டர் 1.045, 1.050-இல் தொடங்கி 1.010, 1.012 அளவில் நிற்கும். பியர் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சுவதால்தான் அங்கே நிற்கிறது. மாதங்கள் கழித்து அது 1.002 என்றோ அதற்குக் கீழோ போயிருந்தால், அந்த மிச்சத்தையும் தின்னக்கூடிய வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள். பிரெட்டனோமைசஸ் போன்ற காட்டு ஈஸ்ட் அதைச் செய்யும். மாதிரியை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, கருவியைச் சுழற்றிக் குமிழ்களை உதறிவிட்டுப் படியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம்.

ஆல்கஹால் எவ்வளவு என்று தெரிய, தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.050-இல் தொடங்கி 1.012-இல் நின்றால் கிட்டத்தட்ட 5 சதவீதம்.

ஊற்றும்போது எண்ணெய் மாதிரி நூல் விடுகிறது. இது என்ன?

ஊசிப்போன பருப்பைக் கரண்டியில் தூக்கினால் நூல் நூலாக வருமே, அதேதான். பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா சர்க்கரையைக் கோத்து வழவழப்பான சங்கிலி ஆக்கிவிடுகிறது. கூடவே வெண்ணெய் வாடையும் வரும். சாப்பாட்டில் நூல் விட்டால் தூர எறிவோம், ஆனால் பியரில் இது விஷமல்ல. பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற பியர் மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் ஊறுகிறது. இடையில் சில பீப்பாய்கள் இப்படி நூல் விடும், அதை நோய்ப்பட்ட காலம் என்று சொல்வார்கள். பிரெட்டனோமைசஸ் அந்தச் சங்கிலிகளை உடைத்து மாதங்களில் சரியாக்கிவிடும். வீட்டு வாளியில் அதற்குக் காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா என்பது உங்கள் முடிவு.

அடியில் செத்த ஈஸ்ட் மீது இத்தனை மாதம் கிடந்ததே?

இரண்டு வாரத்தில் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் ஈஸ்ட் அழுகிவிடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பெரிய ஆலைகளில் பல மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம் ஈஸ்ட்டை நசுக்கும், அங்கே அது உண்மை. 23 லிட்டர் வாளியில் மாதக்கணக்கில் ஆக வேண்டும், வெயில் படும் இடமாகவும் இருக்க வேண்டும். சோயா சாஸ், கொதித்த எலும்புச்சாறு மாதிரி மணம் வந்தால் ஈஸ்ட் சிதைந்துவிட்டது. ஸ்டௌட்டில் லேசாக இருந்தால் பொருந்தியே போகும்.

வாளியில் இல்லை, பாட்டிலில் அடைத்து மறந்துவிட்டேன். திறக்கலாமா?

தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள். கெட்ட பியரால் நிஜமாகக் காயம்பட்டவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் பாட்டில் வெடித்ததால்தான், குடித்ததால் அல்ல.

கணக்கு எளிது. ஹைட்ரோமீட்டரில் 0.001 குறையும் அளவுக்குச் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால், பியரின் அளவில் ஏறத்தாழ பாதி அளவு வாயு சேரும். நாம் நுரைக்காகச் சர்க்கரை போட்டு விரும்பி ஏற்றுவது மொத்தம் இரண்டு, இரண்டரை மடங்கு. 1.014-இல் அடைத்த பியரை ஒரு காட்டு ஈஸ்ட் 1.006 வரை தின்றால் அதற்கு மேலும் நாலு மடங்கு ஏறிவிடும். சாதாரண கண்ணாடி பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதல்ல.

பெட்டியில் ஒரு பாட்டில் ஏற்கெனவே உடைந்திருந்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பெட்டி மீது தடிமனான போர்வையைப் போட்டு மூடுங்கள். முழுக்கை சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தட்டுவதோ குலுக்குவதோ கூடாது. முடிந்தால் அறையையே குளிரவிடுங்கள், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும். இங்கே ஜனவரி மாதக் குளிரில் கராஜ் கதவை இரவெல்லாம் திறந்து வைத்தாலே போதும், ஆனால் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் பியர் உறையத் தொடங்கும், அதுவும் பாட்டிலை உடைக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு வாளிக்குள் நிறுத்தி, மேலே துண்டைப் போட்டு மூடியைத் திறவுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தே தெரியும் ஓர் அடையாளம் உண்டு: கழுத்தில் பியர் மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தால் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா பாட்டிலிலும் இருந்தால் வாளியிலேயே புகுந்தது, ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்தப் பாட்டில்களைச் சரியாகக் கழுவவில்லை.

நான் ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புவேன். அமுக்கிப் பார்த்தால் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரியும். கல் மாதிரி இறுகிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அன்றைக்கே குளிரூட்டியில் ஏற்றிவிடுவேன்.

புளித்துவிட்டது, ஆனால் ருசி பிடித்திருக்கிறது. இது கெட்டதா, இல்லையா?

உங்கள் நாக்குக்குப் பிடித்திருந்தால் அது கெட்டதல்ல. பியரின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1871-இல் லூயி பாஸ்டர் லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பியர் காய்ச்சும் ஒரு பெரிய ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்து அதில் வேண்டாத உயிரிகள் இருப்பதைக் காட்டினார். அடுத்த முறை போவதற்குள் ஆலைக்காரர்கள் ஒரு நுண்ணோக்கியே வாங்கிவிட்டார்கள். ஆனால் 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் வேலைபார்த்த கிளாசன், நாள்பட்ட ஆங்கிலேய பியர்களின் தனிச்சுவைக்கே ஒரு வேறு ஈஸ்ட்தான் காரணம் என்று கண்டுபிடித்து அதற்கு பிரெட்டனோமைசஸ் என்று பெயர் வைத்தார். பிரிட்டனின் பூஞ்சை என்று பொருள். குதிரை லாயம், பழைய தோல் என்று அதன் மணத்தைச் சொல்வார்கள். ஒரு வாளியைக் கெடுத்தது என்று நாம் திட்டும் அதே உயிரி.

புளிப்பைத் திரும்ப எடுக்க முடியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. லேசான தயிர்ப் புளிப்பு என்றால் ராஸ்பெர்ரி அல்லது செர்ரி போட்டு இன்னும் சில மாதம் விடலாம். அது மறுபடி நொதிக்கும் என்பதால் கண்ணாடியில் அடைக்க அவசரம் வேண்டாம். காடியாகிவிட்டால் முழுதாகக் காடியாகவே விடுங்கள்: வாய் அகன்ற ஜாடியில் மெல்லிய துணி கட்டி இரண்டு மூன்று மாதம் வைத்தால் மால்ட் வினிகர். எங்கள் வீட்டில் மீன் ஊறவைக்க அதைத்தான் எடுக்கிறோம். ஊறுகாய்க்கு மட்டும் வேண்டாம், அமில அளவு எவ்வளவென்று அளந்து தெரியாது. எதற்கும் ஆகாததைத் தோட்டத்தில் கிண்ணத்தில் வைத்தால் நத்தைகள் வந்து விழும்.

பியர் நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை மாதம் கழித்து பாட்டிலில் நுரை வருமா?

நாலைந்து மாதம் வரை தெளிந்த பியரிலும் போதுமான ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் என்றால் பாட்டிலில் அடைக்கும் அன்று 2, 3 கிராம் உலர்ந்த ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மொத்தத்திலும் கலந்துவிடுங்கள்.

அந்த வாளியை மறுபடி பயன்படுத்தலாமா?

நல்ல பியர் இருந்த வாளி என்றால் தாராளமாக. கெட்டது என்றால் முதலில் வழவழப்பான பூச்சு முழுக்கப் போகும்படி ஆக்சிஜன் வெளுப்புப் பொடி கரைத்த வெந்நீரில் இரவெல்லாம் ஊறவிடுங்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. பிளாஸ்டிக் குழாய், ரப்பர் வளையம், ஏர்லாக் இவற்றைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள். வாளியின் குழாய்த் திருகியைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்தவரை அழுக்கு அடைந்து கிடப்பது அங்கேதான். உள்ளே கீறல் விழுந்த வாளியை அரிசி கொட்டி வைக்க எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

கூடாது. 1937-இன் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி.

எல்லாம் பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லை. என்ன செய்ய?

ஒரு லிட்டரை மட்டும் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, 20 டிகிரி அளவில் அறையில் வையுங்கள். ஏர்லாக்கில் புதுத் தண்ணீர் ஊற்றி வாளியையும் மூடிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் குளிரவைத்து, இன்னொருவரையும் உட்காரவைத்து ருசி பாருங்கள். தொற்று இருந்தால் அதற்குள் பாட்டில் உப்பியிருக்கும் அல்லது புளிப்பு கூடியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்த வார இறுதியிலேயே மீதியைப் பாட்டிலில் அடைத்துவிடலாம்.